வலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

கோழிப் பண்ணைக்காரரும் கால்நடை மருத்துவரும் சகலைகள். அக்காவைக் கட்டியவர் பண்ணைக்காரர், தங்கையைக் கட்டியவர் மருத்துவர். வேறு எதிலும் அவர்களுக்குள் பிணக்கு கிடையாது. தடுப்பு மருந்து என்று பேச்சு வந்தால் மட்டும் எலியும் பூனையும்தான்.

பண்ணைக்காரரின் குறை இது: ஓடியாடி இரை தின்னும் குஞ்சுகள், தண்ணீரில் மருந்து கலந்து கொடுத்த சில நாளில் மந்தமாகிவிடுகின்றன, எடை ஏறமாட்டேன் என்கிறது. கொஞ்சம் பின்தங்கினாலும் பிறகு ஈடுகட்டிவிடும், நோய் வந்தால் கொட்டகையே காலி என்பார் மருத்துவர். ஒருநாள் சாப்பாட்டு மேசையில் இது முற்றிப்போய், அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது.

"ரெண்டு பேரும் வாயாலயே கோழி வளர்க்கறீங்க. பாதிக்குக் குடுங்க, பாதிய விட்டுடுங்க. கோழியே சொல்லட்டும்."

இருவருக்கும் யோசனை பிடித்தது. புதுக் குஞ்சுகள் வந்ததும் கொட்டகையின் நடுவே வலை கட்டினார்கள். கதவுப் பக்கத்துக்கு மருந்து, சுவர்ப் பக்கத்துக்கு வெறும் தண்ணீர். இரை போடுவதும் கூட்டுவதும் அக்காவின் பொறுப்பு.

முதல் முறை எடை போட்டபோது கதவுப் பக்கம் பின்தங்கியிருந்தது. பண்ணைக்காரர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தார். அடுத்த முறை தராசு தலைகீழாகப் பேசியது. கதவுப் பக்கத்துக் குஞ்சுகள் தேறிவர, மருந்தே குடிக்காத சுவர்ப் பக்கம் சுணங்கி நின்றது. அவருக்கு மனசுக்குள் முள் தைத்தது. மருத்துவருக்குப் போன் போட்டார்.

"சகலை, மறைக்காம சொல்லுங்க. எங்க பக்கத்துலயும் மருந்த ஊத்திட்டீங்களா?"

மருத்துவருக்குச் சுருக்கென்றது. ஆனால் கோபத்தைவிட ஆவல்தான் முந்திக்கொண்டது. மறுநாள் காலையிலேயே கத்தியோடு வந்துவிட்டார்.

இரு பக்கத்திலிருந்தும் சில குஞ்சுகளை அறுத்துத் தட்டில் பரப்பினார். வால் அடியில் கொண்டைக்கடலை மாதிரி இருந்த ஒரு பையை எடுத்துக் காட்டினார். நோயோடு சண்டை போடக் குஞ்சு பழகுகிற இடம் இதுதான் என்றார். கதவுப் பக்கத்தில் அது சற்றுச் சுருங்கியிருந்தது. மருந்து வேலை செய்கிறபோது அப்படி ஆவதுண்டாம். சுவர்ப் பக்கத்துக் குஞ்சுகளைத் திறந்ததும் குனிந்து உற்றுப் பார்த்தார். அங்கே பை இன்னும் சிறியது, மண்ணீரலும் வீங்கியிருந்தது.

நிஜ நோயே வந்துவிட்டதோ என்று கேட்டார் பண்ணைக்காரர். தொடைச் சதையை விரித்துப் பார்த்தார் மருத்துவர். நோய் என்றால் அங்கே ரத்தத் திட்டு இருக்க வேண்டும், குஞ்சுகளும் கொத்துக்கொத்தாகச் செத்திருக்க வேண்டும். இரண்டும் இல்லை.

எழுந்து போய்க் கொட்டகை வாசலில் நின்றார். உள்ளே அக்கா கதவுப் பக்கத்தைக் கூட்டி முடித்து, அதே துடைப்பத்தோடு சுவர்ப் பக்கம் போனாள். வலைக்கருகே குஞ்சுகள் கிளறிய தரை மரத்தூள், கண்ணிகள் வழியே அந்தப் பக்கம் தெறித்தது. மருத்துவர் தலையில் கைவைத்துச் சிரித்தார்.

"அது உயிரோட இருக்கற கிருமி, சகலை. வீரியத்தைத்தான் குறைச்சிருக்கோம். எச்சத்துல வெளிய வந்து அடுத்த குஞ்சுக்குப் போயிருக்கு. அங்க தாமதமாப் போனதால இப்பத்தான் வேலை நடக்குது. வலை கோழியத்தான் தடுத்துது, மருந்த இல்ல. எனக்கு இது முன்னாடியே தோணியிருக்கணும்."

சந்தேகப்பட்டது தப்புதான் என்று பண்ணைக்காரர் மெல்ல முனகிவிட்டு, அந்தப் பையை உள்ளங்கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வளர்ந்த கோழிக்கும் இது இருக்குமா என்று கேட்டார். வேலை முடிந்ததும் அது தானாகவே வற்றிப்போகும் என்றார் மருத்துவர். கழுத்தோரம் மணி கோத்தாற்போல இருக்கிறதே, அது என்ன என்று அடுத்த கேள்வி வந்தது. அன்று மதியச் சாப்பாடு ஆறிப்போனது.

விற்பனைக்கு ஏற்றும்போது இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே எடை. யார் ஜெயித்தார்கள் என்று கேட்டால், வலைதான் தோற்றது என்றாள் அக்கா.

இப்போது ஒன்றையொன்று பார்க்காத இரண்டு கொட்டகைகளில் புதுக் குஞ்சுகள் வளர்கின்றன. மருந்து கொடுத்த கொட்டகையை அக்கா பார்க்கிறாள். வெறும் தண்ணீர் கொடுக்கிற இன்னொன்றுக்குத் தங்கை வந்து போகிறாள். துடைப்பம் தனி, செருப்பு தனி. எடை எப்படிப் போகும் என்று மருத்துவருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. சகலைகள் தினமும் போனில் பேசிக்கொள்கிறார்கள்.