ஸ்டிக்கர் சுரண்டிய தொட்டில்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணிக்குச் சிங்காநல்லூர் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் ஆறு பேர். வீட்டுக்காரர் லட்சுமணசாமி. அவர் மனைவி கோமளா. பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்த மகள் பிரத்யுஷா. அவள் கணவன் சாய்சரண். கோபிசெட்டிபாளையத்திலிருந்து விடியற்காலையே காரெடுத்து வந்திருந்த சாய்சரணின் அப்பா பாலகோபால். ஆறாவது ஆள், பிறந்து இருபத்தேழு நாளான பெண் குழந்தை. அன்று தொட்டிலில் இடப்பட வேண்டியவள் அவள்தான். மற்ற உறவுக்காரர்கள் யாரும் அதுவரை வந்து சேரவில்லை.

முதல் பிள்ளைக்குத் தொட்டில் என்பது தாய்வீட்டுச் சீர். அந்தக் குடும்பத்தில் அது ஒருநாளும் குறைந்ததில்லை. லட்சுமணசாமியின் அக்காமார் மூவருக்கும் தேக்குத் தொட்டில் லாரி ஏறிப் போயிருக்கிறது. இரும்பு வார்க்கும் அவருடைய பவுண்டரியை மூடி மூன்று வருஷமாகிறது என்பது ஊருக்கே தெரியும். அதைக் காரணம் சொல்லிச் சீரைக் குறைத்துக்கொள்ளும் ஆள் அவர் அல்ல.

தொட்டில் பேச்சு எடுத்தபோதே பிரத்யுஷா சொன்னாள். "நாலு பக்கமும் தடுப்பு வெச்ச கட்டில் தொட்டில்தான்ப்பா எங்க பிளாட்டுக்குச் சரியா இருக்கும். பழசே போதும். ஒண்ணரை வருசத்துக்கு மேல அதுல எவ படுக்கப் போறா? கம்பெனி நம்பர் போட்ட ஸ்டிக்கர் இருக்கறதாப் பாத்து வாங்குங்க, அது போதும்."

"நம்ம ஊட்டுச் சீர்ல பழசா? பேசாத அம்மணி" என்று லட்சுமணசாமி அவள் வாயை அடைத்தார். அடுத்த நாள் கடைக்குப் போய் விலையைக் கேட்டார். கேட்டுவிட்டு, அங்கே கொடுத்த காப்பியைக்கூடக் குடிக்காமல் படியிறங்கினார். பிறகு யாரிடமும் மூச்சு விடாமல் போனில் விளம்பரம் பார்த்துக் கருமத்தம்பட்டிக்குப் போனார்.

விற்றது அமலி என்ற டீச்சர். ஒளிவு மறைவு இல்லாத பெண். தொட்டிலைக் கவிழ்த்து அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் காட்டி, "பில்லெல்லாம் எப்பவோ போயிருச்சுங்க சார். நம்பர், வருசம் எல்லாம் இதுலதான் இருக்குது. இத மட்டும் எடுத்துராதீங்க" என்றாள்.

லட்சுமணசாமி முதலில் எடுத்தது அதைத்தான். எட்டு வருஷத்துக்கு முந்தைய தேதி அதில் இருந்தது. சம்பந்தி கண்ணில் அது பட்டால் என்ன ஆவது? தேங்காயெண்ணெய் தடவி பிளேடால் சுரண்டினார். வெள்ளை பெயிண்ட் அடிப்பதற்காகப் பக்கத் தடுப்பைக் கழற்றியபோது, அதை ஏற்றி நிறுத்தும் பிளாஸ்டிக் கொக்கி ஒன்று படக்கென்று உடைந்தது. அதற்கும் அவர் கலங்கவில்லை. பீளமேட்டில் லேத் வைத்திருக்கும் சுப்பையனிடம் கொடுத்து, அச்சு அசலாகப் பித்தளையில் கடைந்து மாட்டிவிட்டார். கோயம்புத்தூரில் ஒரு பவுண்டரிக்காரருக்கு லேத்தில் கடைய முடியாத பொருள் என்று உலகத்தில் எதுவும் இல்லை. கடைசியாக, பார்த்தால் புதுசு என்று தோன்ற, ஒரு கடை அட்டையையும் நூலில் கோத்துத் தொங்கவிட்டார்.

இப்போது அந்தத் தொட்டில் கூடத்தின் நடுவே மல்லிகைச் சரம் சுற்றி நின்றது. பாலகோபால் காப்பியை ஆற்றிக்கொண்டே அதைப் பார்த்தார்.

"சம்மந்தி செஞ்சா கொறையா செய்வாருங்களா?" என்றார். லட்சுமணசாமியின் முதுகு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது.

பிரத்யுஷா மட்டும் பூவைப் பார்க்கவில்லை. மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவே விரலை விட்டாள். இரண்டு விரல் தாராளமாகப் போனது. மூன்றாவதும் போனது; அவ்வளவு சந்து இருக்கக் கூடாது. காலியான காப்பி டம்ளரை எடுத்துத் தடுப்புக் கம்பிகளுக்கு நடுவே நுழைத்துப் பார்த்தாள். அது நுழையவில்லை. கம்பிகளுக்கு நடுவே குழந்தை மாட்டாது என்று கொஞ்சம் மூச்சு விட்டாள்.

"பக்கம் எறங்கற மாடலாப்பா இது? ஸ்டிக்கர் எங்கீங்க?"

"புதுசுக்கு எதுக்கு அம்மணி ஸ்டிக்கர்?"

"புதுசுலதானுங்க மாமா கண்டிப்பா இருக்கும்" என்றான் சாய்சரண், கையில் போனோடு. "இந்த மாதிரி பக்கம் எறங்கறதுல சில மாடலை ஆபத்துன்னு கம்பெனிக்காரனே திரும்ப வாங்கிக்கிட்டானாம். டாக்டரம்மா சொன்னாங்க. நம்பரைச் சொன்னீங்கன்னா ஒரு நிமிசத்துல பாத்துப்போடலாம்."

"கடைக்காரன் பெட்டியோட எடுத்துப்போட்டான் போல. கேட்டுட்டு வாரேன்."

கோமளா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "ஏனுங்க, பத்தரைக்கு நல்ல நேரம். பதினொண்ணுக்குள்ள இட்டுப்போடணும். இப்பப் போய் யாரைக் கேக்கறீங்க?"

அவர் கொல்லைப் பக்கம் போனார்.  அமலியைக் கூப்பிட்டார். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி கூப்பிட்டார். அதே. மூன்றாவது தடவையில்தான் அன்று ஞாயிறு என்பது உறைத்தது. அவள் மாதா கோயிலில் பூசையில் இருப்பாள். எப்போது முடியுமோ?

துணி துவைக்கும் கல்லைச் சுற்றி நடந்தார். நல்ல மரம், நல்ல பெயிண்ட், எட்டு வருஷம் எந்தப் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆனாலும் அந்த மூன்றாவது விரல் கண்ணை விட்டுப் போகவில்லை. பெண்ணிடம் மட்டும் தனியாகச் சொல்லிவிடலாமா? சொன்னால் மாப்பிள்ளைக்குத் தெரியும். மாப்பிள்ளைக்குத் தெரிந்தால் சம்பந்திக்கும் தெரியும். பாலகோபால் கோபிக்குப் போய்ச் சேருமுன் பேச்சு அங்கே போய்விடும். அக்காமாரின் தேக்குத் தொட்டில்கள் வரிசையாக நினைவுக்கு வந்தன.

பத்து முப்பத்தைந்துக்குப் போன் அடித்தது.

"பூசையில இருந்தனுங்க சார். இத்தனை தடவை கூப்பிட்டிருக்கீங்க, என்னங்க ஆச்சு?"

"அந்த ஸ்டிக்கர் நம்பர் வேணுமுங்க."

"நீங்க எடுத்துட்டுப் போன தொட்டில்லயே இருக்குதுங்களே?"

 அந்தப் பெண் அதற்கு மேல் குடைந்து கேட்கவில்லை. "வெளம்பரத்துக்கு எடுத்த போட்டோவுல இருக்குமுங்க. அனுப்பறேன்" என்று வைத்துவிட்டாள்.

போட்டோ வந்தது. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இறக்கி, ஒவ்வொரு எண்ணாகப் போனில் தட்டித் தேடினார். ஒரு தடவை தப்பாகி, மறுபடி தட்டினார். திரையில் வந்தது அவர் வாங்கிய அதே தொட்டில். பெயிண்ட் மட்டும்தான் வேறே. கீழே இருந்த ஆங்கிலத்தைப் பவுண்டரிக்கு வந்த லெட்டர்களைப் படித்துப் பழகிய கண்ணால் மெல்லக் கூட்டிப் படித்தார். பக்கத் தடுப்பு, தான் ஏறி இறங்கும் காடியிலிருந்து கழன்று சாய்கிறது. இடைவெளியில் குழந்தையின் கழுத்து மாட்டிக்கொள்ளும். உடனே உபயோகத்தை நிறுத்தவும். வேறு கொக்கி மாட்டிப் பயன்படுத்த வேண்டாம்.

வேறு கொக்கி. சுப்பையன் கடைந்த பித்தளை.

உள்ளே கோமளாவின் குரல் கேட்டது. "அவர் வரும்போது வரட்டும். குடு கண்ணு, நான் இடறேன்."

லட்சுமணசாமி ஓடிப் பல வருஷம் ஆகிறது. வேட்டியை மடித்துக் கட்டக்கூட நிற்காமல் ஓடினார். கோமளா குழந்தையைத் தொட்டிலுக்கு மேலே தாழ்த்திக்கொண்டிருந்தாள். அவர் இரண்டு கைகளையும் நடுவே நீட்டினார்.

"போடாத! குழந்தைய மேல தூக்கு!"

"என்னங்க இது, நல்ல காரியத்துல?"

"பழசு. நான் வாங்குனது பழசு. ஸ்டிக்கரை நாந்தான் சொரண்டிப்போட்டேன்."

 அவர் பக்கத் தடுப்பின் மேல் ஒரு கையை வைத்து, மெத்தையில் தவழும் பிள்ளை சாய்கிற அளவுக்கு அழுத்தினார். பித்தளைக் கொக்கிக்கு ஒன்றும் ஆகவில்லை. அது உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் காடிதான் பிளந்தது. தடுப்பு ஒரு முனையில் கழன்று, மல்லிகைச் சரத்தோடு கோணலாகத் தொங்கியது. கோமளா குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரோரம் போய் நின்றாள். சாய்சரண் மாமனாரின் போனை வாங்கிப் படித்துவிட்டுத் தலையை ஆட்டினான்.

"பழசே போதும்னு நாந்தானேப்பா சொன்னேன்" என்றாள் பிரத்யுஷா.  "ஸ்டிக்கர் ஒண்ணுதானே கேட்டேன்?"

 லட்சுமணசாமி மகளை விட்டுவிட்டுப் பாலகோபாலின் முகத்தைப் பார்த்தார். எந்தச் சொல் வந்தாலும் வாங்கிக்கொள்வது என்று நின்றார்.

பாலகோபால் எழுந்து வந்து, தொங்கிக்கொண்டிருந்த கடை அட்டையை விரலால் புரட்டினார். "சம்மந்தி, இது சட்டை அளவு அட்டையாச்சுங்களே. நாப்பத்திரெண்டுன்னு போட்டிருக்குது. பேத்திக்கு இது எப்பப் பத்தறது?"

சாய்சரண்தான் முதலில் சிரித்தான். லட்சுமணசாமிக்குச் சிரிப்பு வரவில்லை. காது மடல் சிவக்க நின்றார்.

பதினொன்றுக்கு இன்னும் ஐந்து நிமிஷம் இருந்தது. கோமளா தரையில் பாயை விரித்து, அதன்மேல் கெட்டியான ஜமுக்காளத்தை இழுத்து விரித்தாள். அதில் குழந்தையை மல்லாக்கக் கிடத்தி மஞ்சள் குங்குமம் வைத்தார்கள். அதற்கு எதுவும் தெரியவில்லை. கொட்டாவி விட்டது.

"அதைப் பழைய சாமான்காரனுக்குப் போட்டுப்போடலாமுங்க" என்றாள் கோமளா.

"வேண்டாம். அவன் ஒட்ட வெச்சு இன்னொரு ஊட்டுக்கு வித்துப்போடுவான்." லட்சுமணசாமி ரம்பத்தை எடுத்தார். தொட்டிலை வாசலுக்கு இழுத்துப் போய், சரிகை வேட்டியோடு உட்கார்ந்து அதன் கால்களை அறுக்க ஆரம்பித்தார். சொந்தக்காரர்களின் முதல் கார் அப்போதுதான் கேட்டுக்குள் நுழைந்தது.

பாலகோபால் பழைய தொட்டிலை ஏற்க மறுத்துவிட்டார், அந்தக் கோபத்தில்தான் லட்சுமணசாமி அதை அறுத்துப் போட்டார் என்று அவிநாசி வரைக்கும் ஒரு பேச்சு நடக்கிறது. அது பொய். பாலகோபால் எதையும் மறுக்கவில்லை. குழந்தையை அதில் போட விடாதவர் லட்சுமணசாமி. அவர் அறுத்தபோது மறுமுனையை ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்தவர் பாலகோபால்.