யோரிஸின் கால்

எங்கள் மகன் யோரிஸ் பதினாறு வயதில் ஆர்கன் வாசிப்பதை விட்டான். விட வைத்தவர் என் கணவர் லம்பெர்ட். இதை நான் யாரிடமும் மென்று விழுங்கிச் சொன்னதில்லை.

தேவாலயத்தில் பயிற்சி செய்வதை டேப்பில் பதிந்து கொண்டுவருவான். ஞாயிறு காபிக்குப் பிறகு, தன் கையால் செய்த ஒலிபெருக்கியில் லம்பெர்ட் அதைப் போட்டுக் கேட்பார். கால்கட்டைகளை மிதித்து வாசிக்கும் அடிச்சுரம் வந்ததும் ஓர் உறுமல் கேட்கும். உடனே டேப்பை நிறுத்துவார்.

"பக்கத்துக் கட்டையையும் சேத்து மிதிக்கிறே. காலா அது, உலக்கையா?"

யோரிஸ் தலையைக் குனிந்துகொள்வான்.

"நான் நேர்ல கேட்டேன். சுத்தமாத்தான் வாசிச்சான்" என்றேன் ஒருநாள்.

"உன் காதுக்கு என்ன தெரியும்?" என்றார். ஐந்தோவன் நகரில் ஒலிபெருக்கி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவரிடம் அதற்குமேல் வாய் கொடுக்க முடியுமா?

யோரிஸ் மீன்பிடிக் கப்பலில் சேர்ந்தான். இரண்டாவது குளிர்காலத்தில் கப்பலோடு மூழ்கிப்போனான். உடல்கூடக் கிடைக்கவில்லை.

நான்கு வருடம் கழித்து, 1973-இல், லம்பெர்ட் புதுப் பெட்டி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஒலிபெருக்கிக் கூம்பின் நடுவில் பொட்டளவு உணரி ஒன்று ஒட்டியிருந்தது. கூம்பு எப்படி அசைகிறது என்று அது ஆம்ப்ளிஃபையருக்குச் சொல்லிக்கொண்டே இருக்குமாம். பிசகினால் அந்தக் கணமே ஆம்ப்ளிஃபையர் திருத்துமாம். கூம்பை விரலால் அழுத்திக் காட்டினார். அது முரண்டு பிடித்தது.

சோதிக்க நல்ல அடிச்சுரம் வேண்டும் என்று யோரிஸின் டேப்பை எடுத்தார்.

"வேணாம். அதுல கை வைக்காதீங்க."

"அவன் பண்ற தப்பு இதுல பளிச்சுனு கேக்கும், பாரேன்."

அடிச்சுரம் வந்தது. உறுமல் இல்லை. லம்பெர்ட் திருத்தும் சுவிட்சை அணைத்தார்; உறுமியது. போட்டார், சுத்தமாக ஒலித்தது. மறுபடி அணைத்தார், மறுபடி போட்டார். முகம் வெளிறிவிட்டது.

"உங்க பழைய பெட்டிதான் உறுமியிருக்கு. பிள்ளையோட கால் இல்ல" என்றேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். எனக்கு அவ்வளவு ஆத்திரம்.

அவர் டேப்பை நிறுத்தவில்லை. முதல்முறையாக அது கடைசிவரை ஓடியது. வாசிப்பு முடிந்து, அவன் உட்கார்ந்திருந்த பலகை கிறீச்சிட்டது. பிறகு யோரிஸின் குரல், மைக்குக்கு மிக அருகில்:

"அப்பா, இந்தத் தடவையாவது சரியா இருக்கா?"

லம்பெர்ட் பெட்டியின் முன் மண்டியிட்டு உட்கார்ந்தார்.

"சரியா இருக்குடா" என்றார். டேப் முடிந்து சக்கரம் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது.