அஞ்சலாட்சியின் தவணை

"கைய நீட்டு அஞ்சலாட்சி. ஒரு உருட்டு உருட்டிட்டா வேல முடிஞ்சிது," என்றார் கலியபெருமாள். பத்திரத்தையும் மை டப்பாவையும் வைத்துக்கொண்டு கால் மணி நேரமாக உட்கார்ந்திருந்தார்.

செத்துப்போன அவள் புருஷன் கோவிந்தசாமியின் அண்ணன் அவர். தம்பி நான்கு வருஷமாக வீட்டு வரி கட்டாமலே போய்ச் சேர்ந்துவிட்டான். பாக்கியைக் கட்டாவிட்டால் நெல்லித்தோப்பு வீடு ஏலத்துக்குப் போகும் என்று நோட்டீஸ் வந்திருந்தது. பாக்கியை அண்ணன் கட்டுவார். வீட்டை அவர் பேருக்கு எழுதித் தந்துவிட வேண்டும். இரண்டு பெண்பிள்ளைகளோடு அவள் பின்கட்டில் ஒண்டிக்கொள்ளலாமாம். என்ன தாராளம்!

"நானே ஆபீசுக்குப் போயி கேட்டுப் பாக்கறேன் மாமா."

"தாலியறுத்து மூணு மாசம் ஆவல. வருஷம் திரும்பற வரைக்கும் வாசப்படி தாண்டக்கூடாதுன்னு தெரியாது? பெத்த புள்ளைங்க நல்லா இருக்க வேணாமா?"

பிள்ளைகளை இழுத்தும் அவள் கையை நீட்டவில்லை. "நாளைக்கு வெக்கிறேன்," என்றாள்.

பிரெஞ்சுக்காரன் போன பிறகும் நோட்டீஸ் பிரெஞ்சில்தான் வந்துகொண்டிருந்தது. கொல்லை வேலிக்கு அந்தப்பக்கம் துணி உலர்த்திய பக்கத்து வீட்டு ஜோசெத் பிரெஞ்சு படித்தவள். அஞ்சலாட்சி நோட்டீஸை அவளிடம் நீட்டினாள். ஜோசெத் இரண்டு பக்கத்தையும் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"பின்பக்கத்துல இருக்கறத ஒங்க மாமா சொல்லலியா? மொத்தமா கட்ட முடியாதவங்க தவண கேக்கலாம். அபராதத்தத் தள்ளச் சொல்லி மனு குடுக்கலாம். ஆனா வீட்டுக்காரங்களே நேர்ல போவணும். நாளைக்கு வெள்ளிக்கெழம, அதான் கடசி நாளு."

அஞ்சலாட்சிக்கு இப்போதுதான் புரிந்தது. அவளை உள்ளே உட்கார வைத்த சாஸ்திரமெல்லாம் அந்த ஒரு நாள் தாண்டுவதற்குத்தான். தாலியறுப்பன்று காலிலிருந்து கழற்றிய கொலுசை எடுத்துக் கொடுத்தாள். ஜோசெத் அதைப் பெரிய மார்க்கெட் பக்கம் விற்றுப் பணம் கொண்டுவந்தாள். மனுவும் அவளே எழுதித் தந்தாள்.

மறுநாள் வரி ஆபீஸ் திறந்ததும் முதல் ஆளாக அஞ்சலாட்சி நின்றாள். குமாஸ்தா அவளுடைய வெறும் நெற்றியைப் பார்த்து முகத்தைச் சுளித்தான்.

"வெள்ளிக்கெழமயும் அதுவுமா மொத ஆளா நீயா வரணும்? நாலு பேரு போனப்பறம் வாம்மா."

"கடசி நாளுங்க. நான் நவுர மாட்டேன்."

மனுவை அவன் கையில் வாங்கவில்லை. மேசை ஓரத்தில் வைக்கச் சொல்லி, பேனாக் கட்டையால் இழுத்துப் படித்தான். மேலதிகாரியிடம் போய்த் திரும்பினான்.

"அபராதம் தள்ளியாச்சு. ஆறு தவண. மொதத் தவண எட்டு ரூபா, இப்பவே கட்டணும்."

அவள் நீட்டினாள். அவன் கையிலேயே வாங்கினான். எச்சில் தொட்டு எண்ணவும் செய்தான்.

"மனுவத் தொடல, பணத்தத் தொட்டுட்டீங்களே, பரவால்லீங்களா?"

அவன் காதில் விழாததுபோல ரசீது எழுதினான்.

மாலையில் வந்த கலியபெருமாள் ரசீதைப் பார்த்துவிட்டுக் கத்தினார். "வாசப்படி தாண்டிட்டியாடி?"

"தாண்டாம இருந்திருந்தா வாசப்படியே என்னுது இல்ல மாமா."

அடுத்த தவணையையும் அவள் ஒரு வெள்ளிக்கிழமையாகப் பார்த்து, முதல் ஆளாகப் போய்த்தான் கட்டினாள்.