பயனாளி

முன்பெல்லாம் இரண்டு படி ஏறித்தான் எங்கள் வீட்டுக்குள் வரவேண்டும். இப்போது நாலு படி இறங்கவேண்டும். வீடு அங்கேயேதான் இருக்கிறது. சாலைதான் வளர்ந்துவிட்டது. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போடவேண்டும் என்று திட்டத்திலேயே இருக்கிறதாம். சுரண்டுவதற்கு இவர்களுக்குச் சொல்லித்தர வேண்டுமா என்ன? சாலையை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் சுரண்டினார்கள். தாருக்கு மேல் தாராக இது ஐந்தாவது தடவை.

என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டியவர். பக்கவாதம் வந்து மூன்று வருடமாகச் சக்கர நாற்காலிதான். போன தடவை போட்ட சாலை வரைக்கும் பலகையைச் சாய்த்துப் போட்டு நானே தள்ளி ஏற்றிவிடுவேன். வாரத்தில் இரண்டு நாள் தெருமுனையில் பிசியோதெரபிக்குப் போய்வந்தார், கையும் கொஞ்சம் தேறி வந்தது. இந்தச் சாலை போட்டு நாலு மாதம். பலகை செங்குத்தாக நிற்கிறது, அவர் வாசலைத் தாண்டவில்லை. ஒரு சாய்தளம் கட்டித்தாருங்கள் என்று ஓவர்சியரிடம் போய் நின்றேன்.

"ரோடு எஸ்டிமேட்ல வாசல் வராதுக்கா. நீங்க வீட்டை உயர்த்திக்குங்க."

தண்ணீரைத் தாண்டும்போது சேலையைத் தூக்கிக்கொள்ளச் சொல்வதுபோல அத்தனை சுலபமாகச் சொன்னான். தையல் மெஷினை மிதித்துப் பிழைக்கிறவள் வீட்டை உயர்த்துகிறாளாம்.

அதே ஓவர்சியர் நேற்று மதியம் நாலு ஆட்களோடு வாசலில் வந்து நின்றான். குரலில் அப்படி ஒரு குழைவு. சாயங்காலம் திறப்பு விழாவாம். புதுச் சாலையில் சக்கர நாற்காலி வழுக்கிக்கொண்டு போவதைப் போட்டோ எடுக்கவேண்டுமாம்.

"அண்ணன் பேரைத்தான் பயனாளின்னு எழுதிக் கொடுத்திருக்கோம்."

"என்ன பயன் தம்பி கிடைச்சுது அவருக்கு?"

"அதெல்லாம் மேடையில சொல்லுவாங்கக்கா."

விளக்குமாறு கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. அதற்குள் உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது. "அந்த நீலச் சட்டையை எடு." அந்தக் குரலில் இருந்த ஆசையைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

நாலு பேரும் பீரோவைத் தூக்குவதுபோல அவரை நாற்காலியோடு மேலே தூக்கினார்கள். வந்த பெரிய மனிதர் ரிப்பனை வெட்டினார். நாற்காலியை ஆறடி தூரம் தள்ளி, கேமரா மின்னும் வரை சிரித்தார். மின்னியதும் கையை எடுத்துவிட்டார். நாற்காலி தானாக ஓடியது, நான்தான் பாய்ந்து பிடித்தேன். இந்தப் பகுதி மக்களின் வாழ்க்கைத் தரம் உயர்ந்துவிட்டது என்று அரைமணி நேரம் பேசினார். உயர்ந்தது எது என்று கேட்க அங்கே ஒருவருக்கும் வாயில்லை, என்னையும் சேர்த்துத்தான்.

கார்கள் போயின. வாடகை நாற்காலிகளை ஏற்றிய லாரியிலேயே அந்த நாலு பேரும் தொற்றிக்கொண்டு போனார்கள். ஓவர்சியர் போனை எடுக்கவில்லை. ஆற்றைக் கடக்கும் வரைக்கும்தான் அண்ணன் தம்பி.

வானம் இருட்டிக்கொண்டு வந்தது. எதிர்வீட்டு வெல்டர் தன் மச்சானைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"அண்ணே, பிரேக்கை எடுங்க. நாங்க இறக்கிடுறோம்."

என் வீட்டுக்காரர் பிரேக்கை இன்னும் இறுக்கினார்.

"மழை வருதுங்க," என்றேன்.

"இறக்கிட்டா, மறுபடி எப்ப ஏத்துவே?"

வெல்டர் குடையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

மழை கொட்டியது. சாலையில் விழுந்த தண்ணீர் அங்கே ஒரு நிமிடம்கூட நிற்காமல் எங்கள் படிகளில் இறங்கியது. வெல்டரும் மச்சானும் உள்ளே ஓடினார்கள்.

"அக்கா, மெஷின் நனையுது! எங்க தூக்கி வைக்க?"

நான் குடையை அவர் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றேன். தைக்கக் கொடுத்த துணிகள் வாசல் வரைக்கும் மிதந்து வந்து, படியில் முட்டி, உள்ளே திரும்பிப் போயின. அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. விளக்கைப் போட்டுக்கொண்டு ஒரு பஸ் வந்தது. அது தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.