ஏரி நிழல் விழுந்த வயல்

ஆழம் பார்க்க வந்த படகு கரையை விட்டு நகர்ந்ததும், புத்தேரி ஏரி தரையிலிருந்து எழும்பி, ஒரு தென்னை உயரத்தில் போய் நின்றுகொண்டது. மாசி மாதம், செவ்வாய்க்கிழமை. வலங்கைமான் டவுன் பஸ் அப்போதுதான் வந்து திரும்பியிருந்தது. படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. அதிலிருந்த பொறியாளர் பகலவன் நனையாத சட்டையோடு அண்ணாந்து பார்த்தார். தலைக்கு மேலே கெண்டைகள் வெள்ளை வயிற்றைக் காட்டித் திரிந்தன. ஒரு சொட்டும் சிந்தவில்லை. டிரைவர் பஸ்ஸை நிறுத்திவிட்டு இறங்கினார், ஏன் இறங்கினோம் என்று தெரியாமல் மறுபடி ஏறிக்கொண்டார். கரையில் நின்ற பாசன சங்கத் தலைவி அமிர்தத்துக்குத் தன் கையிலிருந்த டீ தம்ளர் விழுந்ததே தெரியவில்லை.

ஆய்வைக் கொண்டுவந்தவளே அவள்தான். ஏரி கொள்ளும் தண்ணீர் போதாமல் கடைமடை ஊர்களில் பயிர் கதிர் விடும் நேரத்தில் வருடாவருடம் காய்ந்தது. எங்கே தூர் எடுப்பது, எங்கே கரையை உயர்த்துவது என்று அளந்து சொல்ல ஆய்வு வேண்டும், அதன் செலவில் ஊரும் ஒரு பங்கு போட வேண்டும் என்றார்கள் அதிகாரிகள். ஏரியின் மீன் குத்தகைப் பணம் எந்தக் காலத்திலும் மாரியம்மன் திருவிழாவுக்குத்தான் போகும். அமிர்தம் ஊர்க்கூட்டத்தில் மன்றாடி அதை ஆய்வுக்கு வாங்கினாள். அந்த வருடம் பந்தல் இல்லை, கரகம் இல்லை. கூட்டத்தில் அவளை எதிர்த்தவர் பக்கத்து வயல்காரர் தங்கையன். ஏரி எழும்பியதும், வாய் திறந்த முதல் ஆளும் அவர்தான். "கரகத்த நிறுத்துனீங்கல்ல, ஆத்தா ஏரியையே தூக்கித் தலையில வச்சுக்கிட்டா பாத்துக்கங்க!"

மேலே போன ஏரி, கீழே கிடந்ததைவிட அகலமாக இருந்தது. உச்சி வெயிலில் அதன் பச்சை நிழல் கரையைத் தாண்டி வயல்களின் மேல் விழுந்தது. பகலவன் கருவி வைத்து நிழலின் ஓரத்தை அளந்து, பழைய வரைபடத்தோடு ஒப்பிட்டார். அதுதான் ஏரியின் சொந்த எல்லை. வரப்பு வெட்டும்போது ஏரிப்பக்கம் ஒரு மண்வெட்டி தள்ளிப் போடுவது அந்த ஊர் வழக்கம். யாரும் அதைத் திருட்டென்று நினைத்ததில்லை. அமிர்தத்தின் மாமனாரும் அப்படித்தான் வருடம் வருடமாகத் தள்ளித் தள்ளி நிலம் சேர்த்தார். இப்போது அவளுடைய மூன்று மா வயலும், ஏறக்குறைய ஒரு ஏக்கர், முழுக்க நிழலில் கிடந்தது. மகளின் நர்சிங் படிப்பு அந்த வயலை நம்பித்தான் ஓடியது. அவள் பகலவனின் நோட்டை எட்டிப் பார்த்தாள்.

"பழைய இடம் திரும்பக் கெடைச்சா கரைய உயர்த்தவே வேணாங்க்கா. எழுதித்தான் ஆகணும்" என்றார் பகலவன். "பேர் போட மாட்டேன்."

"மூணு மான்னு எழுதினா போதும் தம்பி. யாருன்னு ஊருக்கே தெரியும்."

மஸ்கட்டிலிருந்து கணவன் ராஜராஜன் போனில் கத்தினான். "கேட்டு வாங்கிக்கிட்டியா? வயல விட்டுட்டு எதத் திங்கிறது?" சித்திரை முழுக்க ஏரி அங்கேயே நின்றது. ஆனியில் ஆற்றுத் தண்ணீர் வாய்க்காலில் வந்து, சுவரில் பல்லி ஏறுவது போல மேலே ஏறி ஏரியோடு சேர்ந்துகொண்டது. மதகுக்கு ஒரு கையளவுகூட வரவில்லை. கடைமடைக்காரர்கள் நாற்று விட்டுவிட்டு வந்து நின்றார்கள். யாரும் அவளை எதுவும் கேட்கவில்லை. சும்மா மேலே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. மண்வெட்டியை எடுத்துப் போய், மாமனார் போட்ட வரப்பைத் தானே வெட்டிச் சரித்தாள்.

தூங்கும் குழந்தையைப் பாயில் கிடத்துவது போல ஏரி இறங்கி அவள் வயலிலும் படுத்தது. மதகு திறந்தது. தங்கள் வயல்களின் மேல் நின்ற துண்டுகளும் இறங்க, மற்றவர்களும் ஒருவர் பின் ஒருவராக வரப்பை வெட்டினார்கள், தங்கையனைத் தவிர. அவர் வயலுக்கு மேல் மட்டும் ஒரு துண்டு ஏரி இன்னும் நிற்கிறது. அவர் அதன் கீழே வெற்றிலைக் கொடிக்கால் போட்டுவிட்டார். நிழலில் வளர்ந்த இலை இளசாக இருக்கிறதென்று கும்பகோணத்து வியாபாரிகள் விரும்பி வாங்குகிறார்கள்.

அமிர்தம் கடைமடையில் குத்தகைக்கு நிலம் பிடித்திருக்கிறாள். அவள் அங்கே போகும் வழியில் தங்கையன் ஒரு கவுளி வெற்றிலைக் கட்டை நீட்டுவார்.

"எப்ப மாமா வெட்டப்போறீங்க?"

"வெட்டலாம், வெட்டலாம். இந்தக் கொடியில இன்னும் ஒரு சுத்து இலை கிள்ளிக்கிறேம்மா."

அவள் வெற்றிலையை மடியில் செருகிக்கொண்டு, ஏரிக்கு அடியில் நடந்து, மடை திறக்கப் போவாள்.