இரட்டை வேகப் பேராசிரியர்

எங்கள் வீட்டுக்கும் தையல்காரி வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். நான் ஒட்டுக்கேட்டேன் என்று யாரும் சொல்ல வேண்டாம். சுவருக்குத்தான் மெல்லிய உடம்பு. ஒரு வருஷமாக அந்தப் பக்கமிருந்து ஒரு கீச்சுக்குரல் பொருளாதாரம் பேசியது. தையல்காரி அஞ்சல்வழியில் பட்டம் படிக்கிறாள். பேராசிரியரின் பாடங்களை செல்போனில் டவுன்லோடு செய்து, மெஷின் மிதித்தபடியே கேட்பாள். அதுவும் இரட்டை வேகத்தில்; அந்தக் கீச்சு அவர் குரல்தான்.

"ஒரு சட்டை தைக்கிறதுக்குள்ள ரெண்டு பாடம் முடிஞ்சிடும்க்கா" என்று பெருமை வேறு.

அவள் புருஷன் கறாராகச் சொல்லிவிட்டான்: "இந்தத் தடவை தேறலைன்னா படிப்புக்கு முழுக்கு." எழுத்துத் தேர்வு முடிந்து, வாய்மொழித் தேர்வு மட்டும் பாக்கி.

அதற்குப் போய்வந்து, அங்கே நடந்ததை அவளே சொன்னாள். நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். சரி, ஏழெட்டு இருக்கும்.

மேசைக்குப் பின்னால் இரண்டு பேர்: வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அம்மா, பக்கத்தில் நம் பேராசிரியர். போட்டோவில் பார்த்த முகம்தான். அவர் வாயைத் திறந்தார்.

"வாம்...மா... உட்...காரு..."

ஆமை நடையில் வந்த அந்தக் கனத்த குரலைக் கேட்டதும் இவளுக்குப் பகீரென்றது. ஐயோ, மனுஷனுக்குப் பக்கவாதம்! பாய்ந்துபோய் அவர் காலர் பட்டனைக் கழற்றி, தண்ணீர் பாட்டிலை வாயில் வைத்து, "பேசாதீங்க சார்! கையைத் தூக்குங்க பார்ப்போம்!" என்று கத்தியிருக்கிறாள்.

"என்...னம்மா... பண்...றே?"

"பாருங்க மேடம், நாக்கு இழுக்குது! டாக்டரைக் கூப்பிடுங்க!"

அந்த அம்மாதான் விஷயத்தைப் பிடித்தார். "பாடத்தை எந்த வேகத்துல கேட்பே?"

"ரெண்டு மடங்கு, மேடம்."

"பதறாதே. இவரு எப்பவுமே இப்படித்தான். நான் இவரு கூடப் படிச்சவ."

பேராசிரியர் நனைந்த சட்டையோடு முறைத்தார். பணவீக்கம் ஏன் வருகிறது என்று கேட்டார். இவள் மூச்சு விடாமல், அவர் பாடத்தில் கனைத்த கனைப்பு உட்பட, பட்டாசு மாதிரிப் பொரிந்தாள். அவர் விண்ணப்பத்தில் 'தையல் கடை' என்றிருந்ததைப் பார்த்தார்.

"கிளிப்...பிள்ளை. உன் கடை...யில... நூல் விலை... ஏறினா...?"

அது பாடத்தில் இல்லை. இவள் முதல் தடவையாக நிதானமாக யோசித்தாள்.

"கூலியை ஏத்தணும் சார். ஏத்தினா புதுசு தைக்க ஆள் குறையும். பழசைப் பிரிச்சுத் தைக்க வர்றவங்க கூடுவாங்க. அந்த வேலைக்கு நூலும் கம்மிதான்."

பேராசிரியர் பேனாவை எடுத்தார். "தே...ற..."

'தேறலை'யோ என்று இவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவர் மூச்சு வாங்கி, கனைத்து, மறுபடி ஆரம்பித்தார். "தே..."

"நீ தேறிட்டேம்மா, கிளம்பு" என்றார் அந்த அம்மா. "அவரு சொல்லி முடிக்கிறதுக்குள்ள காலேஜைப் பூட்டிடுவாங்க."