மாப்பிள்ளையின் எதிரி

வரலாற்றையும் இயற்கையையும் காட்சிக்கு வைத்திருக்கும் பூங்காவின் பார்வையாளர் மையத்துக்கு ஆள் வராமல் இல்லை. கழிப்பறைக்கு வருகிறார்கள். வரவேற்பாளர் நாற்காலியை விட்டு எழுவதற்குள், "சார், பாத்ரூம்?" என்று கேட்டுவிடுவார்கள்.

"நேராப் போங்க. கற்காலம் தாண்டினதும் இடது பக்கம்."

அவர்கள் தாண்டும் வேகத்தில் மனித குலம் கற்காலத்தைத் தாண்டியிருந்தால் எப்போதோ உருப்பட்டிருக்கும். திரும்பும்போது முகத்தில் ஒரு நிறைவு தெரியும். அதில் பண்பாட்டுப் பாரம்பரியத்துக்குப் பங்கில்லை.

அவருக்கு வீட்டிலும் பேச ஆளில்லை. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். வெளியூரில் இருக்கும் மகன் போனில், "சாப்டீங்களாப்பா?" என்பான். "சாப்டேன்" என்றதும் இருவருக்கும் விஷயம் தீர்ந்துவிடும்.

மிஞ்சியது மாப்பிள்ளை ஒருவன்தான். இயற்கைப் பிரிவில் பறவைப் படங்களின் கீழே பொத்தான்கள் உண்டு. அழுத்தினால் அந்தந்தப் பறவை கூவும். ஒருநாள் தூசி தட்டும்போது கை பட்டு, குண்டுக்கரிச்சான் பாடியது. சன்னலுக்கு வெளியே கிளையில் நிஜக் கரிச்சான் ஒன்று வந்து உட்கார்ந்து பதிலுக்குப் பாடியது. அதுமுதல் காலையில் வந்ததும் அவருக்கு அதுதான் வேலை.

"வா மாப்ள! ராத்திரி பூரா முட்டி வலி. உனக்கு எப்படி?" என்று பொத்தானை அழுத்துவார். மாப்பிள்ளை வாலைத் தூக்கிக்கொண்டு தொண்டை கிழியப் பதில் சொல்வான். அவரிடம் யாரும் இவ்வளவு ஈடுபாட்டோடு பேசி வெகுகாலமாயிற்று.

பூங்காவில் பறவைக் கூடுகளைக் கவனித்துவந்த ஆய்வு மாணவி ஒரு காலையில் உள்ளே வந்தாள்.

"நேராப் போம்மா, கற்காலம்..."

"பாத்ரூம் வேணாம் அங்கிள். இந்த பட்டனை யாரு அழுத்துறது?"

"நான்தான்! பாரு, எப்படிப் பேசுறான்!"

"பேசல அங்கிள். திட்டுறான்."

"என்னையா?"

"உள்ள இன்னொரு ஆண் கரிச்சான் இருக்குன்னு நெனச்சு, தன் இடத்தைப் பிடிக்க விடக்கூடாதுன்னு விரட்டுறான். பின்னாடி மரப்பொந்துல குஞ்சுங்க இருக்கு. அம்மாக்காரி ஒண்டியா தீனிக்கு அலையுறா. இவன் இங்கயே நின்னா, பாதி கூடத் தேறாது."

"கொஞ்சங்கூடவா என்னைப் பிடிக்கல?"

"பரம விரோதி நீங்க" என்று சிரித்தவள், அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டாள்.

அன்று மாலையே பலகையின் பின்பக்கம் போய், அந்தப் பொத்தானின் ஒயரை வெட்டினார். வேறு யாரும் அழுத்தப் போவதில்லை. தன் விரலை நம்ப முடியாமல்தான் வெட்டினார்.

மறுநாள் மாப்பிள்ளை வந்தான். பாடினான். தலையைச் சாய்த்துக் காத்திருந்தான். இவர் தூணுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றார்.

"போடா, வீட்டுக்குப் போ. புள்ளைங்க பசியோட இருக்கும்."

இன்னொரு முறை பாடினான். உள்ளே சத்தமில்லை. நெஞ்சை நிமிர்த்தி நீளமாக ஒரு பாட்டை எடுத்துவிட்டு, கட்டடத்தின் பின்பக்கம் பறந்தான். எதிரி இடத்தைக் காலி செய்துவிட்டான் என்று நினைத்திருப்பான்.

அவன் எழுந்து போன கிளை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. அது நிற்கும்வரை பார்த்துவிட்டு, அவர் வாசல் கதவைத் திறந்துவைக்கப் போனார்.